குட்டி யானைக்கு ஒரு பாய்

வேப்பந்தட்டையைத் தாண்டி ஆத்தூர் பக்கம் போகிற சாலையில், ஒதுங்கி நிற்க ஒரு புளியமரம்கூட இல்லாத ஓரிடத்தில் ஒரு குட்டி யானை நிற்கும். டாடா ஏஸ் வண்டிதான். 2005-இல் சந்தைக்கு வந்த இந்த வண்டிக்குத் தமிழ்நாட்டில் யாரோ வைத்த பெயர், கம்பெனி வைத்த பெயரை விழுங்கிவிட்டது. வண்டி நிறைய சின்ன வெங்காய மூட்டைகள். பெரம்பலூர் மாவட்டம் அதற்குப் பேர் போன இடம். வண்டியின் மேல்கம்பியில் நீலத் தார்ப்பாய் ஒன்றின் ஓரத்தைக் கட்டி, எதிர் ஓரத்தை இரண்டு சவுக்குக் கம்புகளில் தூக்கி நிறுத்தினால் கடை தயார். தராசு, ஒரு ஸ்டூல், தண்ணீர்க் குடம். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்.

ஒரு ஆடி மாதம், கை கொடுக்கிறேன் பேர்வழி என்று நானும் ஒரு மூலைக் கயிற்றைப் பிடித்தேன். மேல்காற்று ஒரு தரம்தான் வீசியது. கயிறு என்னை இரண்டடி இழுத்துக்கொண்டு போனது. “விட்டுருங்க சார், விட்டுருங்க!” என்று வண்டிக்கார அண்ணன் கத்தினார். விட்டேன். பாய் படபடவென்று அடித்துக்கொண்டு வண்டியின் மேல் போய் விழுந்தது. அவர் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “காத்து வர்றப்ப அதோட மல்லுக்கட்டக் கூடாது சார். அது போனப்புறம் கட்டணும்.”

வெளிநாடுகளில் இதையே ஒரு கலையாக வளர்த்து வைத்திருக்கிறார்கள். நமக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரங்கள் ஒப்பனை போட்டுக்கொள்ளும் வண்டி. ஐரோப்பாவில் அது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு. போய் நிறுத்திய இடத்தில் அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு துணிக்கூரையை இழுத்துக் கட்டுவார்கள். அதற்கென்று உலோகக் கம்பம், முளை, விசேஷக் கயிறு எல்லாம் விற்கிறது. வேப்பந்தட்டைச் சாலையில் இருப்பது ஒரு தார்ப்பாய், இரண்டு கம்பு, கொஞ்சம் கயிறு. ஆனால் இரண்டு இடத்திலும் எதிராளி ஒருவன்தான்: காற்று.

தமிழில் ‘பாய்’ என்ற ஒரே சொல் தரையில் விரித்துப் படுப்பதையும் குறிக்கும், கப்பலில் ஏற்றிக் காற்றைப் பிடிப்பதையும் குறிக்கும். லத்தீனிலும் இப்படி ஒரு சொல் இருக்கிறது. ‘வேலும்’ என்றால் கப்பலின் பாய். திரைச்சீலை, வெயில் மறைப்பு என்றும் பொருள். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கட்டப்பட்ட ஒரு பெரிய துணிக்குத் தான் நிழலுக்காக வந்திருக்கிறோமா, பயணத்துக்காகவா என்று தெரியாது. காற்று வந்தால் அது பாய்மரப் பாயாகத்தான் நடந்துகொள்ளும்.

எவ்வளவு பலம்? காற்றுக்கும் எடை உண்டு. ஒரு கன மீட்டர் காற்று நம் ஊர் வெப்பத்தில் 1.15 கிலோ அளவில் இருக்கும். அந்த எடை வேகத்தோடு வந்து மோதி நிற்கும்போது அழுத்தமாகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி தார்ப்பாய் ஒன்று காற்றுக்கு நேர் எதிரே நிற்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று அதை ஏறக்குறைய 20 கிலோ பலத்தில் தள்ளும். அது ஒரு சின்னப் பையன் தொங்குவது மாதிரி, சமாளிக்கலாம். வேகம் 40 ஆனால் 40 கிலோதானே என்று தோன்றும். இல்லை, 80 கிலோ. 60 கிலோமீட்டர் வேகத்தில் 180 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் பலம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் இந்த வர்க்கக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் கூரை போனதைப் பார்த்திருப்பார்கள்.

இதில் வண்டிக்கு என்று ஒரு தனித் தொல்லை உண்டு. வெட்டவெளியில் நான்கு கம்பில் கட்டிய பாய்க்குக் கீழே வந்த காற்று மறுபக்கம் போய்விடும். வண்டியில் கட்டியதற்கு ஒரு பக்கம் சுவர். திறந்த பக்கத்திலிருந்து காற்று வந்தால், உள்ளே நுழைந்து, வண்டியில் முட்டி, போக வழியில்லாமல் பாயை மேலே தூக்கும். அதே நேரத்தில் பாயின் மேல்புறம் விரைந்து ஓடும் காற்று அழுத்தம் குறைந்து பாயை மேலே உறிஞ்சும். கீழிருந்து ஒரு கை தூக்க, மேலிருந்து ஒரு கை இழுக்கிறது.

அந்த அண்ணன் வண்டியை நிறுத்தும் விதத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சாலைக்குக் கிழக்கு ஓரத்தில், மேற்கே முதுகைக் காட்டி வண்டி நிற்கும். பாய் கிழக்கே விரியும். மேற்கில் பச்சைமலை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். வண்டி சுவர்போல் நின்று அதை வாங்கிக்கொள்ள, பாய் அதன் மறைவில் கிடக்கிறது. எனக்குக் கயிறு பிடிக்கக் கொடுத்த அன்று, இடம் இல்லாமல் வண்டியை மாற்றி நிறுத்தியிருந்தார்.

காற்றுக்காக மட்டும் இல்லை, வெயிலுக்காகவும் வண்டி மேற்கில்தான் நிற்க வேண்டும். சித்திரை பிறந்த கையோடு, மாலை நான்கு மணிக்கு வேப்பந்தட்டையில் சூரியன் அடிவானத்திலிருந்து 35 டிகிரி உயரத்தில் இருக்கும். ஏழடி உயரத்தில் கட்டிய பாயின் நிழல் அந்த நேரத்தில் பத்தடி கிழக்கே தள்ளி விழும். பாயின் அகலமே பத்தடி! அதாவது பாய்க்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பாயின் நிழல் துளிகூடக் கிடைக்காது. அது பக்கத்து வயலுக்குப் போய்விட்டிருக்கும். மேற்கே வண்டி நின்றால், பாய் விட்டுப்போன இடத்தை வண்டியின் நிழல் நிரப்பும்.

இன்னொரு வேடிக்கை. வேப்பந்தட்டை பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரிக்குச் சற்று மேல் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வார வாக்கில் உச்சி வேளைச் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும்; நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் பின்பாதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், நிழல் தெற்கே விழும். இங்கிலாந்துக்காரர் எழுதிய கையேட்டை வைத்துக்கொண்டு தெற்கு வெயிலுக்கு மறைப்புக் கட்டினால் நம் ஊர்க் கோடையில் ஏமாந்துபோவோம்.

சரி, 80 கிலோ பலத்தோடு இழுக்கும் துணியை ஒரு சவுக்குக் கம்பும் ஒரு விரல் பருமன்கூட இல்லாத கயிறும் எப்படிப் பிடித்து வைக்கின்றன? கயிறு அறாது, அது பெரிய விஷயமில்லை. முடிச்சுதான் அதிசயம்.

அந்த அக்கா கயிற்றின் முனையைக் கம்பத்தில் முடிபோடுவதே இல்லை. முதலில் மூன்று சுற்றுச் சுற்றுகிறார். அப்புறம் நுனியைச் சும்மா ஒரு செருகு. கம்பத்தைச் சுற்றும் கயிறு ஒவ்வொரு அங்குலத்திலும் உராய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுவையைக் கம்பத்துக்கே கொடுத்துவிடுகிறது. உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு சுற்றில் நம் கையின் பலம் 6.6 மடங்காகிறது. இரண்டு சுற்றில் 13 மடங்கு இல்லை, 43 மடங்கு. மூன்று சுற்றில் ஏறக்குறைய 286 மடங்கு. வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல் ஏறுகிறது. மூன்று சுற்றுக்குப் பிறகு நுனியை இரண்டு விரலால் பிடித்திருந்தாலே போதும், மறுமுனையில் ஒரு காளை இழுத்தாலும் நகராது. 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் இதற்குச் சமன்பாடு எழுதினார். துறைமுகத்தில் கப்பலைக் கட்டுகிறவர்களும், பொங்கலுக்கு மாட்டைப் புளியமரத்தில் சுற்றிப் பிடிக்கிறவர்களும் அந்தச் சமன்பாட்டைப் படித்ததில்லை.

கயிற்றை முறுக்கேற்றுவதற்கு லாரிக்காரர்களின் வித்தை ஒன்று உண்டு. கயிற்றின் நடுவில் உருவாஞ்சுருக்கு மாதிரி ஒரு கண்ணி போட்டு, நுனியைக் கீழே கொக்கியில் கொடுத்து மேலே கொண்டுவந்து, அந்தக் கண்ணிக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுப்பார்கள். கப்பியும் சக்கரமும் இல்லாமலே கயிறு கப்பியாகிவிடுகிறது. ஏட்டுக் கணக்குப்படி மூன்று மடங்கு பலம். கயிறும் கயிறும் உராய்வதால் நடைமுறையில் அதில் நல்ல பங்கு போய்விடும். ஆனால் இழுத்து முடித்த பிறகு நழுவாமல் பிடித்துக்கொள்வதும் அதே உராய்வுதான்.

பாயின் மூலையில் உள்ள உலோக வளையத்தில் கயிறு கட்டுவதுதான் முறை. ஆனால் முதலில் கிழிவதும் அந்த இடம்தான். 1898-இல் கிர்ஷ் என்ற ஜெர்மன் பொறியாளர் ஒரு கணக்குச் சொன்னார்: இழுக்கப்படும் தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டால், துளையின் ஓரத்தில் இழுவிசை மூன்று மடங்காகக் குவியும். வேப்பந்தட்டைச் சாலையில் இருக்கும் தார்ப்பாயில் நான்கு மூலையில் இரண்டுக்கு வளையமே இல்லை, எப்போதோ பிய்ந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்து, பாயை அதன்மேல் மூடி, பொட்டலம் கட்டுவதுபோல் கழுத்தில் கயிற்றைச் சுற்றியிருக்கிறார்கள். துளை இல்லை, எனவே குவிதலும் இல்லை. இழுக்க இழுக்கக் கல் கழுத்தை இறுக்குகிறது. புதுப் பாயின் வளையத்தைவிட இந்தக் கல் மூலையைத்தான் நான் நம்புவேன்.

ஐரோப்பியக் கேரவன்களில் இதற்கு வேறு வழி. துணியின் விளிம்பு முழுக்க ஒரு கயிற்றை வைத்துத் தைத்து, வண்டியின் பக்கவாட்டில் உள்ள நீளமான பள்ளத்துக்குள் அதை நுழைத்து இழுத்துவிடுகிறார்கள். இழுவை நான்கைந்து புள்ளிகளில் விழாமல் விளிம்பு முழுக்கப் பரவுகிறது. அழகான ஏற்பாடுதான். கூழாங்கல் இனாம்.

பாயைக் கட்டத் தெரியாதவர் செய்யும் முதல் தப்பு, அதைக் கட்டில்போல் மட்டமாக இழுக்கப் பார்ப்பது. துணிக்கொடியை நினைத்துப் பாருங்கள். நடுவில் பத்து கிலோ ஈரத்துணி தொங்குகிறது. கொடி இருபக்கமும் 30 டிகிரி தாழ்ந்திருந்தால், கயிற்றில் பத்து கிலோ இழுவை. 5 டிகிரி மட்டும் தாழ்ந்திருந்தால் 57 கிலோ. தாழ்வே இல்லாமல் நேர்கோடாக வேண்டுமென்றால் முடிவிலி. அதாவது முடியவே முடியாது, கயிறு அறும் அல்லது கம்பம் சாயும்.

அப்படியானால் தளர விட வேண்டியதுதானா? தளர விட்டால் மழை வரும்போது பாய் வயிறு வைக்கும். ஒரு சென்டிமீட்டர் மழை அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு பாயில் தேங்கினால் 111 லிட்டர், 111 கிலோ. தேங்கத் தேங்க வயிறு பெருக்கும், பெருக்கப் பெருக்க இன்னும் தேங்கும். ஒரு கட்டத்தில் கம்போடு சேர்ந்து எல்லாம் தராசின் மேல்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது வழி இருக்கிறது. அந்தக் கடையின் இரண்டு சவுக்குக் கம்புகளில் ஒன்று எட்டடி, மற்றது ஐந்தடி. மழைத் தண்ணீர் ஓடட்டும் என்பதற்காகச் செய்தது. வண்டியின் மேல்கம்பியிலும் பாயின் ஒரு மூலையைச் சற்று இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஆக, எதிரெதிர் மூலைகள் இரண்டு உயரம், இரண்டு தாழ்வு. பாய் முறுக்கிக்கொண்டு குதிரைச் சேணம் போன்ற வடிவத்துக்கு வந்துவிடுகிறது. இந்த வடிவத்தில் பாயின் எந்தப் புள்ளியை எடுத்தாலும் ஒரு திசையில் மேலே வளைந்திருக்கும், குறுக்குத் திசையில் கீழே வளைந்திருக்கும். காற்று மேலே தூக்கினால் ஒரு திசை இழைகள் பிடித்துக்கொள்ளும். கீழே அழுத்தினால் மற்ற திசை இழைகள் தாங்கும். படபடப்பு அடங்கிவிடும்.

ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ வாழ்நாள் முழுக்க இந்த வடிவத்தின் பின்னால் போனவர். வளைத்த கம்பிகளைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, அதில் படியும் படலம் எப்படித் தானாகச் சேணமாக வளைகிறது என்று பார்த்துப் பார்த்துக் கூரைகளை வரைந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கத்தின் கூரை அவர் பங்களிப்போடு உருவானது. இன்றைய வங்கதேசத்தில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் கானின் குழு, 1981-இல் திறக்கப்பட்ட ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தை 210 கூடாரங்களாகவே கட்டியது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் சதுரம். நம் ஊரிலிருந்து ஹஜ் போய் வந்தவர்களில் பலர் அந்தத் துணிக்கூரைக்குக் கீழே காத்திருந்தவர்கள்தான்.

ரோமானியர்களோ இந்த வேலையைக் கப்பல்காரர்களிடமே ஒப்படைத்துவிட்டார்கள். கி.பி. 80-இல் திறக்கப்பட்ட கொலோசியத்தின் உச்சியைச் சுற்றி 240 கம்பங்கள் நட இடம் விட்டிருந்தார்கள். பார்வையாளர்களுக்கு நிழல் தரும் பெரிய பாயை விரிக்கவும் சுருட்டவும் மிசேனும் கடற்படைத் தளத்திலிருந்து மாலுமிகள் வந்தார்கள். பாய் என்றால் பாய்தான். அதை அடக்கத் தெரிந்தவன் மாலுமி.

வெயிலுக்கு வருவோம். நிழலில் நின்றால் காற்றின் வெப்பநிலை குறைவதில்லை. வெயிலில் 40 டிகிரி என்றால் நிழலிலும் ஏறக்குறைய அதே காற்றுதான். குறைவது கதிர்வீச்சு. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் அளவுக்குக் கொட்டுகிறது. ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி மாதிரி. பாய் அதைத் தடுக்கிறது. ஆனால் தடுத்த வெப்பம் எங்கே போகும்? பாய் சூடேறும். 60 டிகிரிக்குச் சூடேறிய பிளாஸ்டிக் பாய், 40 டிகிரியில் இருக்கும் பாயைவிடச் சதுர மீட்டருக்குச் சுமார் 140 வாட் கூடுதலாகக் கீழே உமிழும். தலைக்கு மேல் ஒரு மெல்லிய அடுப்பு. கண்ணுக்குத் தெரியாது, உச்சந்தலைக்குத் தெரியும்.

பெயரிலேயே வேம்பை வைத்திருக்கும் ஊரில் வேப்பமர நிழலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. இலை தண்ணீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அதனால் கீழே இருப்பவர் மேல் அனலைக் கொட்டுவதில்லை. தென்னங்கீற்றுக்கு உயிர் இல்லாவிட்டாலும், அடுக்கடுக்காக நடுவில் காற்று வைத்திருப்பதால் அடிப்பக்கம் அவ்வளவு சூடேறாது. தார்ப்பாய்க்கு இரண்டும் இல்லை. அந்த அக்கா செய்திருப்பது: தார்ப்பாய்க்கு ஒரு சாண் கீழே ஒரு பழைய புடவையைக் கட்டிவிட்டிருக்கிறார். சூடான பரப்புக்கும் நமக்கும் நடுவே அதேபோன்ற இன்னொரு பரப்பை நுழைத்தால், கதிர்வீச்சாக வரும் வெப்பம் பாதியாகிவிடும். இரண்டுக்கும் இடையே காற்று ஓடினால் இன்னும் குறையும். விண்கலங்களைச் சுற்றி மின்னும் பல அடுக்குப் போர்வையும் இதே தத்துவம்தான். “கண்ணு கூசாம இருக்கட்டும்னு கட்டுனது சார்” என்றார். நான் விண்கலக் கதையைச் சொல்லவில்லை. அவருக்கு எடை போட ஆட்கள் காத்திருந்தார்கள்.

பக்கங்களை மட்டும் அவர்கள் மூடுவதே இல்லை. வெங்காயம் அறுவடைக்குப் பிறகும் மூச்சுவிடுகிறது. மூடி வைத்தால் வேர்த்து அழுகிவிடும். வயலோரம் கல்லும் கம்பும் வைத்து அடியில் காற்றோடக் கட்டும் வெங்காயப் பட்டறையின் சூட்சுமமும் இதுவே.

பிளாஸ்டிக் வருமுன் இந்த வேலையைச் செய்தது பருத்திக் கித்தான். வேப்பந்தட்டையைச் சுற்றிப் பருத்தி விளையும் கரிசல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இங்கு இருக்கிறது. பருத்தி நூல் நனைந்தால் பருக்கும். நெசவின் இடைவெளிகள் அடைபட்டு, முதல் தூறலில் ஒழுகும் கித்தான் அடுத்த தூறலில் ஒழுகாது. காய்ந்தால் மறுபடி மூச்சுவிடும். முறுக்கிய பருத்திக் கயிறும் அப்படித்தான், நனைந்தால் பருத்து நீளம் குறையும். மழையில் இறுகி முளையைப் பிடுங்கிவிடும். 1586-இல் வத்திக்கானில் பெரிய கல்தூணை நிமிர்த்தியபோது கயிறுகள் தளர்ந்து நின்றதாகவும், கூட்டத்திலிருந்த ஒரு மாலுமி “கயிற்றில் தண்ணி ஊத்துங்க” என்று கத்தியதாகவும் ஒரு கதை உண்டு. கதைதான். நைலான் கயிறு இதற்கு நேர் எதிர், நனைந்தால் நெகிழும். மழைக்காலக் காலையில் தொய்ந்து கிடக்கும் பாயைப் பார்த்து யாரும் அவிழ்த்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

கரிசல் மண்ணில் முளை அடிப்பது தனிப் பாடு. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் களிமண் அது. கோடையில் வெடிப்புக்குள் அடித்த முளை ஆடிக்கொண்டே இருக்கும். மழை பெய்தால் சேற்றில் உருவிக்கொண்டு வரும். அதனால் பலர் மூட்டையில் கட்டுகிறார்கள். 50 கிலோ மூட்டை 50 கிலோவைப் பிடிக்கும் என்று நினைத்தால் தப்பு. சாய்வாக இழுக்கும் கயிறு மூட்டையைக் கொஞ்சம் தூக்கவும் செய்வதால் தரைப் பிடிப்பு குறைகிறது. 45 டிகிரிச் சாய்வில் ஏறக்குறைய பாதி இழுவைக்கே மூட்டை நகர ஆரம்பிக்கும். வியாபாரம் நன்றாக நடந்தால் மூட்டையும் இளைக்கும். வண்டியும் இளைக்கும், பாரம் இறங்க இறங்க வில்பட்டைகள் பழையபடி வளைந்து வண்டி மெல்ல மேலே எழும். காலையில் அளவாகக் கட்டிய கயிறு மதியம் விண்ணென்று நிற்பதன் காரணம் அதுதான். அண்ணன் வண்டிப் பக்கக் கயிற்றில் நாலு விரல் தளர்வு விட்டே கட்டுவார்.

கடைசியாக ஒரு விஷயம், இதை அவரிடமும் சொன்னேன். சவுக்குக் கம்பு வளைகிறது என்று இப்போது பலரும் இரும்புக் குழாய்க்கு மாறிவருகிறார்கள். சாலையோரத்தில் நிழலுக்கு மரம் இல்லாத இடத்தில் பெரும்பாலும் மின்கம்பி இருக்கும். காற்றில் பாய் எழும்பினால் குழாயும் எழும்பும். குழாயை நிமிர்த்துவதற்கு முன் ஒரு தரம் அண்ணாந்து பாருங்கள். மேலே கம்பி ஓடினால் வண்டியை நகர்த்தி நிறுத்துங்கள்.